கிளையும் கம்பியும்

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் நாளிதழ் வாங்குவோர் தவறாமல் பார்க்கும் பகுதி ஒன்று உண்டு. அது தலைப்புச் செய்தியன்று. உள்பக்கத்து மூலையில் சிறிய எழுத்தில் வரும் மின்தடை அறிவிப்பு. துணைமின் நிலையத்தின் பெயர், மின்வழங்கல் நிறுத்தப்படும் நேரம், பாதிக்கப்படும் ஊர்களின் நீண்ட வரிசை, 'மாதாந்திரப் பராமரிப்புப் பணி' என்னும் காரணம் ஆகியவை அதில் இருக்கும். அரவை ஆலைக்காரரும் தையற்கடைக்காரரும் மணிலாப் பயிருக்கு நீர் பாய்ச்ச வேண்டிய உழவரும் அதைப் பார்த்துத் தம் வேலைகளை முன்பின்னாக மாற்றிக்கொள்வர். அந்தச் சில மணி நேரத்தில் கம்பியாளர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டால், மின்மாற்றியைப் பழுது பார்க்கிறார்கள், பீங்கான் காப்பான்களைத் துடைக்கிறார்கள் என்றே பலரும் சொல்வர். வழியெங்கும் மரங்கள் நிற்கும் தடமாயின், அந்த நேரத்தின் பெரும்பகுதியை விழுங்குவது கிளை வெட்டும் வேலையே.

ஏணியும் கயிறும் வெட்டரிவாளும் நீண்ட துரட்டியுமாக அவர்கள் தெருவிற்குள் நுழைந்ததுமே செய்தி பரவிவிடும். ஆடு வளர்ப்போர் முதலில் வந்து சேர்வர். வேம்பு, பூவரசு, வாகை ஆகியவற்றின் தழை அன்று இலவசமாகக் கிடைக்கும். அடுப்பெரிக்க விறகு தேடுவோர் அடுத்து வருவர். மரத்துக்குரியவர் கடைசியில் வருவார். பெரும்பாலும் வெட்டியபின்தான் வருவார்.

"தம்பி, இந்த ஒரு கெளைய மட்டும் விட்டுடுப்பா. வெயில்ல மாடு கட்ட வேற நெழலு இல்ல."

"விட்டா மழைக்காலத்துல கம்பியில சாஞ்சிடும் பாட்டி. அப்புறம் ராத்திரி பூரா கரண்டு இல்லன்னு நீங்கதான் எங்களத் திட்டுவீங்க."

இந்த உரையாடலில் இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. பாட்டிக்குத் தேவை நிழல். ஊருக்குத் தேவை மின்சாரம். இரண்டையும் ஒரே இடத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துவிட்டு, ஆண்டுதோறும் அரிவாளைக் கொண்டு தீர்ப்பளித்து வருகிறோம்.

முந்தியது எது?

இந்த வழக்கைச் சட்டம் நெடுங்காலமாகவே அறியும். 1885ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம், தந்திக் கம்பிக்கு இடையூறாக நிற்கும் மரத்தை அகற்ற ஆணையிடும் அதிகாரத்தை நடுவருக்கு வழங்கியது. அத்துடன் நில்லாமல், அந்த மரம் கம்பி இழுப்பதற்கு முன்பே அங்கே இருந்திருந்தால், உரியவருக்கு இழப்பீடு வழங்க வேண்டும் என்றும் கூறியது. இன்று நடைமுறையில் உள்ள 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டமும் 68ஆம் பிரிவில் இதே வழியைத்தான் பின்பற்றுகிறது. வான்வழி மின்கம்பிக்கு இடையூறு செய்யும் மரத்தை, மின்வழங்கும் நிறுவனத்தின் விண்ணப்பத்தின் பேரில், நிர்வாக நடுவரோ அரசு குறிப்பிடும் அலுவலரோ அகற்றச் செய்யலாம். மரம் முந்தியது எனின் இழப்பீடு உண்டு. கம்பி முந்தியது எனின் இல்லை. மரம் என்னும் சொல்லுக்கு அச்சட்டம் தரும் விளக்கம் சுவையானது. புதர், வேலிச்செடி, காட்டுச்செடி யாவும் அதற்குள் அடங்கும். சட்டத்தின் பார்வையில் கொல்லைப்புற மருதாணியும் மரமே. ஏரிக்கரையை அடைத்து நிற்கும் வேலிக்காத்தானும் மரமே.

'முந்தியது எது?' என்பது நேர்மையான கேள்வி. ஆனால் அதற்கு விடை சொல்லும் ஏடு எந்த ஊரிலும் எளிதில் கிடைப்பதில்லை. மின்கம்பம் நட்ட நாள் அலுவலகக் கோப்பில் இருக்கக்கூடும். மரம் நட்ட நாளை யார் எழுதி வைத்தார்கள்? தாத்தா வைத்த புளி, கல்யாணத்தன்று வைத்த தென்னை, காக்கை எச்சத்தில் தானே முளைத்த வேம்பு என்றுதான் ஊரார் கணக்கு வைத்திருப்பர். பழைய நெடுஞ்சாலைகளின் இருமருங்கும் நின்ற புளியமரங்கள் இம்மாவட்டத்துச் சிற்றூர்களுக்கு மின்சாரம் வருவதற்கு முன்பே முதிர்ந்திருந்தன என்பதில் ஐயமில்லை. அவற்றிற் பலவற்றைச் சாலை விரிவாக்கமே எடுத்துக்கொண்டதால் கம்பிக்கும் அவற்றுக்கும் இருந்த வழக்கு தானே முடிந்துபோயிற்று. முந்தியது எது என்று இன்னும் பின்னோக்கிப் போக விரும்புவோர் வானூருக்கு அருகிலுள்ள திருவக்கரைக்குச் செல்லலாம். ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மரங்கள் அங்கே கல்லாகிக் கிடக்கின்றன. இம்மண்ணில் மரத்தின் பட்டா மிகப் பழையது!

தொட்டால் என்ன ஆகும்?

ஓர் இலை கம்பியைத் தொடுவதால் என்ன பெரிய கேடு வந்துவிடும் என்று எண்ணத் தோன்றும். கேட்டின் அளவு கம்பியைப் பொறுத்தது. தெருவில் வீடுகளுக்கு மின்சாரம் தரும் தாழ்வழுத்தக் கம்பியில் இரு கம்பிகளைக் காற்று ஒன்றோடொன்று உரச வைக்கும். கிளை அவற்றைச் சேர்த்தும் பிடிக்கும். தீப்பொறி பறக்கும், உருகுகம்பி எரிந்துபோகும். துணைமின் நிலையத்திலிருந்து மின்மாற்றிக்கு வரும் 11,000 வோல்ட் கம்பியின் கதை வேறு. ஈரமான பச்சைக் கிளை அதைத் தொடும்போது மரத்தின் வழியாக மின்சாரம் மண்ணுக்குள் இறங்குகிறது. இறங்கும் மின்னோட்டம் மிகுதியாக இருந்தால் துணைமின் நிலையத்துத் தற்காப்புக் கருவி உடனே இணைப்பைத் துண்டித்துவிடும். மரம் நல்ல மின்கடத்தி அன்று. ஆதலின், கருவி கண்டுகொள்ளாத அளவு சிறிய மின்னோட்டம் அதன் வழியே தொடர்ந்து கசியவும் கூடும். கருவிக்குச் சிறியதாகத் தோன்றும் அந்த மின்னோட்டம் ஒரு மனித உயிரைப் பறிக்கப் போதுமானது. விளக்குகள் எரிந்துகொண்டிருக்கின்றன, ஆகவே எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்பி மழை நாளில் அந்த மரத்தில் மாட்டைக் கட்டுபவரும், இரும்புத் துரட்டியால் முருங்கைக்காய் பறிப்பவரும் ஏமாறுவது இங்கேதான்.

உழவருக்கு வரும் இழப்பு வேறொரு வகையினது. மும்முனை மின்சாரத்தில் ஒரு கம்பி அறுந்துபோனால் வீட்டு விளக்குகளிற் சில எரியும். வயலில் ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் எஞ்சிய கம்பிகளின் வலுவில் முனகிக்கொண்டே சுழன்று, சுருள் கருகி நிற்கும். ஒரு கிளை ஒடிந்ததன் விலையை அவர் மோட்டார் சுற்றும் கடையில் கொடுக்க நேரும்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். கம்பி ஓரிடத்தில் அசையாமல் நிற்பதில்லை. வெயில் ஏறினால் உலோகம் நீளும்; மின்சுமை கூடினால் கம்பி தானே சூடாகி மேலும் நீளும். இரு கம்பங்களுக்கு இடையே அது தொய்ந்து இறங்கும். மரமோ ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே இருக்கும். தை மாதத்தில் கைநீளத்துக்கும் மேல் இருந்த இடைவெளி சித்திரை நடுப்பகலில் இல்லாமற்போவது இதனால்தான்.

இது சிற்றூர்ச் சிக்கல் மட்டுமன்று. இந்திய மின்சாரச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2003 ஜூன் மாதம். அதே ஆண்டு ஆகஸ்ட் 14 அன்று, வெப்பம் மிகுந்த பிற்பகலில், அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் 3,45,000 வோல்ட் மின்தடங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொய்ந்து, அடியில் வளர்ந்திருந்த மரங்களைத் தொட்டன. அறுபட்ட தடங்களின் சுமை மற்றவற்றின்மேல் ஏறியது. கணினி எச்சரிக்கை அமைப்பின் பழுதும் சேர்ந்துகொண்டது. மாலைக்குள் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஏறத்தாழ 5 கோடி மக்கள் மின்சாரம் இழந்தனர். ஆறு வாரங்கள் கழித்து, செப்டம்பர் 28 அதிகாலையில், சுவிட்சர்லாந்தின் மலைப்பகுதியில் ஒரு மின்தடம் மரத்துக்குத் தீப்பொறி பாய்ச்சித் துண்டிக்கப்பட்டது. அடுத்த அரைமணி நேரத்திற்குள் சார்டினியாத் தீவு நீங்கலாக இத்தாலி நாடு முழுவதும் இருளில் மூழ்கியது. செல்வமும் பொறியியலும் நிறைந்த நாடுகளே, கிளை வெட்டும் எளிய வேலையைத் தள்ளிப்போட்டதற்கு அவ்வளவு பெரிய விலை கொடுத்தன. அதன்பின் அமெரிக்காவில் உயரழுத்தத் தடங்களின் கீழ் மரம் பராமரிப்பது கட்டாய விதியாயிற்று.

வெட்டும் கவாத்தும்

2011 டிசம்பர் 30 அன்று புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயல், பண்ருட்டிப் பகுதியின் பலா, முந்திரித் தோப்புகளைச் சாய்த்ததை இவ்வட்டார மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயலின் இயல்பு வேறாக இருந்தது. காற்றைக் காட்டிலும் மழையே அதன் படைக்கலம். மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது. அவ்வளவு நீரைக் குடித்த மண் குழம்பாகிவிட்டால் வேர்கள் எதைப் பற்றி நிற்கும்? மிதமான காற்றே மரத்தைச் சாய்த்துவிடும். சாய்கிற மரம் கம்பியை இழுக்கும்; கம்பி கம்பத்தை இழுக்கும்; ஒரு கம்பம் ஒடிந்தால் அடுத்தடுத்த கம்பங்களும் வளையும்.

புயலுக்குப் பின் 'மரம்தான் காரணம்' என்னும் பேச்சு எழுவது வழக்கம். சற்று நின்று, விழுந்த மரத்தின் வெட்டுவாயைப் பார்க்க வேண்டும். கம்பிக்காக முன்பு தலை வெட்டப்பட்ட மரமாயின் கதை பெரும்பாலும் அங்கே எழுதப்பட்டிருக்கும். நடுத்தண்டைக் குறுக்கே வெட்டி மொட்டையடித்தால் மரம் அச்சத்தில் வளர்வதுபோல் வெட்டுவாயைச் சுற்றிப் பல தளிர்களை ஒருசேரக் கிளப்பும். அவை மிக விரைந்து வளரும். ஒன்றிரண்டு ஆண்டுகளில் மீண்டும் கம்பியைத் தொடும். இயல்பான கிளையின் அடி மரத்தின் உள்ளிருந்தே அடுக்கடுக்காகப் பிணைந்து வந்திருக்கும். இந்தத் தளிர்களோ மேற்பட்டைக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருப்பவை; காற்றுக்கு முதலில் முறிவன. நடுவில் திறந்து கிடக்கும் வெட்டுவாயில் மழைநீர் தங்கும், பூஞ்சை இறங்கும், கரையான் ஏறும். ஒரு பக்கக் கிளைகளை மட்டும் கழித்தால் மரத்தின் எடை மறுபக்கம் சாயும். ஆக, மின்சாரத்தைக் காப்பதற்கென்று அவசரமாகச் செய்த வெட்டே சில ஆண்டுகளில் மின்கம்பத்தைச் சாய்க்கும் காரணமாகிறது. இதைக் கணக்கிட்டுப் பார்ப்பவர் குறைவு. வெட்டிய நாளுக்கும் விழுந்த நாளுக்கும் இடையே பல ஆண்டுகள் ஓடிவிடுவதால் இரண்டையும் ஒருவரும் இணைத்துப் பார்ப்பதில்லை.

அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ என்னும் அறிஞர் ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காகப் பிளந்து, காயம்பட்ட இடத்தில் உள்ளே நடப்பது என்ன என்று ஆராய்ந்தார். 1977இல் அவர் வெளியிட்ட விளக்கம் மரம் வளர்ப்போரின் எண்ணத்தையே மாற்றியது. நம் உடலில் புண் ஆறும்போது புதுத்தசை பழைய இடத்தை நிரப்புகிறது. மரம் அவ்வாறு ஆற்றிக்கொள்வதில்லை. கெட்ட பகுதியைச் சுற்றிச் சுவர் எழுப்பி, அதை உள்ளேயே அடைத்துவைத்துவிட்டு, வெளியே புதிய மரப்பகுதியை வளர்த்துக்கொள்கிறது. அந்தச் சுவரை எழுப்பும் திறன் கிளை தண்டோடு சேரும் இடத்தில், சற்றே புடைத்து வளையம்போல் தெரியும் கழுத்துப் பகுதியில் மிகுதி. ஆகவே கழுத்தை ஒட்டி, ஆனால் கழுத்தைக் காயப்படுத்தாமல் கிளையை வெட்ட வேண்டும். தண்டோடு வழித்து வெட்டுவதும் தவறு. முழம் நீளக் குச்சியை விட்டுவைப்பதும் தவறு. வெட்டுவாயில் தாரும் சிமெண்டும் பூசுவதால் பெரிய பயன் இல்லை என்பதும் அவர் கண்டது.

பெரிய கிளையை மூன்று வெட்டில் இறக்குவர். முதல் வெட்டு கழுத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, அடிப்பக்கத்தில், சிறிது ஆழம். இரண்டாவது வெட்டு அதற்கும் சற்றுத் தள்ளி, மேலிருந்து. கிளை இதில் விழும். அடிவெட்டு முன்பே இருப்பதால் விழும் கிளை தண்டின் பட்டையைக் கிழித்துக்கொண்டு போகாது. எஞ்சிய குச்சியை மூன்றாவது வெட்டில் கழுத்தோரம் எடுத்துவிடலாம். கூடுதலாக ஆகும் நேரம் சில நிமிடங்களே.

அயல்நாட்டு அறிவென்று இதை ஒதுக்க வேண்டியதில்லை. தமிழில் இதற்குக் கவாத்து என்னும் சொல் வழங்குகிறது. முருங்கை, மா, கொய்யா வளர்ப்பவர்கள் எந்தக் கிளையை எப்போது எடுத்தால் மரம் எந்தப் பக்கம் வளரும் என்று கைப்பழக்கத்தில் அறிவர். வெட்டு கிளையை மட்டும் பார்க்கிறது. கவாத்து அடுத்த ஆண்டின் மரத்தைப் பார்க்கிறது. கம்பியை நோக்கிப் போகும் கிளையை அதன் கவட்டிலேயே எடுத்து, கம்பிக்கு விலகிச் செல்லும் கிளையை விட்டுவைத்தால், மரம் தன் வளர்ச்சியைத் தானே அப்பக்கம் திருப்பிக்கொள்ளும்.

எல்லா மரமும் கவாத்துக்கு இணங்காது. பனைக்கும் தென்னைக்கும் குருத்து ஒன்றுதான். தலையை வெட்டினால் மரமே முடிந்தது. காய்ந்த மட்டையைக் கழிக்கலாம், அவ்வளவே. கம்பிக்கு அருகில் தென்னை இருந்தால் ஒற்றைப் பச்சை மட்டை இரு கம்பிகளுக்குக் குறுக்கே விழுந்து ஊரை இருட்டாக்கப் போதும். பனையோ தமிழ்நாட்டின் மாநில மரம். மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றி அதை வெட்டக்கூடாது என்று 2021ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. பனங்காடுகள் நிறைந்த இம்மாவட்டத்தில் புதிய கம்பி இழுப்போர் பனையை விலக்கி வளைந்து செல்வதே முறை. மரக்காணம் பக்கத்துச் சவுக்குத் தோப்புகளுக்கோ வேறு கணக்கு. நட்ட மூன்று ஆண்டுக்குள் சவுக்கு கம்பியின் உயரத்தை எட்டிவிடும். கம்பியின் கீழ் இரு வரிசையை விட்டு நடுவதால் உழவருக்குச் சில மரங்கள் குறையும். நடுவில் புகுந்து வெட்டும்போது குறைவது அதைவிட மிகுதி.

ஏணியின் மேல் நிற்பவர்

கிளை வெட்டக் கம்பியாளர் ஏணியில் கால் வைப்பதற்கு முன் நடக்க வேண்டியவை சில உண்டு. மின்தடத்தை நிறுத்தியாயிற்று என்று துணைமின் நிலையத்திலிருந்து 'லைன் கிளியர்' எழுத்துமூலம் பெற வேண்டும். பகுதியைப் பிரிக்கும் சுவிட்சைத் திறந்து பூட்ட வேண்டும். கம்பியில் மின்சாரம் இல்லை என்று சோதித்தறிய வேண்டும். பிறகு வேலை நடக்கும் இடத்தின் இருபுறமும் நில இணைப்புக் கோல்களை மாட்ட வேண்டும். 'நிறுத்தியபின் கோல் எதற்கு?' என்று கேட்பவர் உண்டு. ஏதோ ஒரு கடையின் ஜெனரேட்டர் தவறான இணைப்பால் பின்வழியாகக் கம்பிக்கு உயிர் கொடுத்துவிடக்கூடும். அப்போது ஏணியின் மேல் நிற்பவரைக் காப்பது அந்தக் கோல் ஒன்றே.

மின்சாரத்தை அறிந்த அவரிடம் மரத்தையும் அறிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். மரத்தை அறிந்த தோட்டக்காரரையோ மரமேறியையோ கம்பி அருகே விட முடியாது. இரண்டு அறிவும் ஒரே கையில் சேர்ந்தாலன்றி இவ்வேலை செம்மையாக நடவாது. மின்பணியாளர் பயிற்சியில் ஒரு நாளைக் கவாத்துக்கு ஒதுக்கி, வேளாண் பல்கலைக்கழகத்தாரையோ தோட்டக்கலைத் துறையினரையோ அழைத்துச் சொல்லித்தரச் செய்தால் செலவு மிகக் குறைவு. திண்டிவனத்தில் வேளாண் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. ஆண்டு நாட்காட்டியும் தேவை. வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் இறங்கும். அதற்குமுன் ஆவணி, புரட்டாசியில் தடந்தோறும் நடந்து பார்த்து முடித்துவிட வேண்டும். வெட்டும் முன் கூடு இருக்கிறதா என்று அண்ணாந்து பார்ப்பதும் அந்த நடையில் அடங்கும்.

எதிர்காலத்துக் கிளைகள்

2022 செப்டம்பரில் தொடங்கப்பட்ட பசுமைத் தமிழ்நாடு இயக்கம் மாநிலத்தின் காடு, மரப் பரப்பை 33 விழுக்காட்டுக்கு உயர்த்துவதை இலக்காகக் கொண்டது. சாலையோரம், பள்ளி வளாகம், குளக்கரை என எங்கும் கன்றுகள் நடப்படுகின்றன. நல்ல செயல். ஆனால் சாலையின் இருபுறமும் ஒரே நாளில் ஒரே வகைக் கன்றை நட்டுக்கொண்டே போகும் பழக்கம் நல்லதன்று. 11,000 வோல்ட் கம்பி சாலையோரம் செல்லுமிடத்தில் தரையிலிருந்து குறைந்தது 5.8 மீட்டர், சாலையைக் கடக்குமிடத்தில் 6.1 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. தூங்குமூஞ்சியும் மயில்கொன்றையும் அரசும் அந்த உயரத்தில் நிற்பவை அல்ல. கம்பி செல்லும் ஓரத்தில் பவளமல்லி, செம்பருத்தி, அரளி, கறிவேப்பிலை, மாதுளை என உயரம் அடங்கியவற்றையும், எதிர் ஓரத்தில் புங்கம், நாவல், வேம்பு, புளி ஆகியவற்றையும் வைக்கலாம். அவ்வாறு வைத்தால் அந்த எதிர் ஓரத்து மரங்களுக்கு அரிவாளே தேவைப்படாது.

கம்பியைப் புதைவடமாக மண்ணுக்குள் இறக்கிவிட்டால் வழக்கு முடிந்துவிடும் என்போரும் உண்டு. பெருநகரங்களில் அது நடந்திருக்கிறது. வான்வழிக் கம்பியைக் காட்டிலும் செலவு பல மடங்கு. மேலும், முதிர்ந்த மரத்தின் அருகே பள்ளம் தோண்டும்போது வேர் அறுபடும். கிளைக்கும் கம்பிக்கும் இருந்த சண்டை வேருக்கும் வடத்துக்குமாக மாறும். கிளை வெட்டியது எல்லார் கண்ணிலும் படும், வேர் வெட்டியது அடுத்த புயல்வரை ஒருவர் கண்ணிலும் படாது. இடைவழியாகக் காப்புறையிட்ட கம்பிகளைத் தெருக்களில் இழுக்கலாம்; கிளை உரசினாலும் உடனே கேடு வராது. எனினும் முறிந்து விழும் பெருங்கிளையை அந்த உறை தாங்காது. எந்த வழியிலும் கவாத்து வேண்டாம் என்றாகிவிடவில்லை.

நடும் விழாக்களில் கன்றைச் சுற்றிய இரும்புக் கூண்டில் நட்டவர் பெயரைத் தகட்டில் எழுதி மாட்டுவது வழக்கமாயிருக்கிறது. அத்தகட்டில் நட்ட நாளையும், அருகிலுள்ள மின்கம்பத்தின் எண்ணையும் சேர்த்து எழுதிவிடலாம். கூண்டு துருப்பிடித்து உதிர்வதற்குள் ஊராட்சிப் பதிவேட்டிலும் ஒரு வரி ஏறிவிட வேண்டும். முப்பது ஆண்டுகள் கழித்து அந்தக் கிளையின் கீழ் மாடு கட்ட நிழல் கேட்டு ஒருவர் நிற்கும்போது, முந்தியது எது என்று சட்டம் கேட்டால் காட்ட ஓர் ஏடு இருக்கும்.